தாழ்வும் தஞ்சமும்: ஊவாத் தோட்டப்புற வழிபாட்டில் அருட்கோட்பாட்டின் சமூக அடிப்படை

வெலிமடையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பாதையை அடுத்துத் திவுரும்பொல என்னும் பௌத்த விகாரை அமைந்துள்ளது. சீதை தீப்புகுந்து தன் தூய்மையை நிறுவிய இடம் இதுவென்பது ஐதிகம். 'திவுரும்' என்ற சிங்களச் சொல் சத்தியம் செய்தலைக் குறிக்கும். பிணக்குற்ற இரு தரப்பினர் இவ்விடத்திற்கு வந்து சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் வழமை நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. சான்றும் செல்வாக்கும் இல்லாதவன் தன் சொல்லைத் தெய்வத்தின் முன் வைக்கிறான். தன்னால் நிறுவ முடியாததைத் தெய்வம் நிறுவும் என்பது அவனது நம்பிக்கை.

மனித ஆற்றல் முடிவுறும் இடத்தில் தெய்வத்தின் கருணை தொடங்குகிறது என்ற இக்கருத்து, தமிழ்ச் சமய இலக்கியத்தின் அடித்தளக் கருத்துகளுள் ஒன்று. இதனை விளக்கப் புகுந்தோர் பெரும்பாலும் இருவகைப்பட்டனர். சமயவாதிகள் இதனை எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொதுவான மனித உண்மையாகக் கொண்டனர். முற்போக்காளர் பலர், உழைக்கும் மக்களைப் பணிந்திருக்கச் செய்யும் மயக்க மருந்தென இதனை ஒரே சொல்லில் ஒதுக்கினர். தாழ்மை கொள்பவர் யார், யாருக்கு முன்னால், எதன் பொருட்டு என்ற வினாக்களை இருசாராருமே எழுப்பவில்லை. இவ்வினாக்களை ஊவா மாகாணத் தோட்டப்புற வழிபாட்டின் வரலாற்றில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

அருட்கோட்பாட்டின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகும். பக்தி இயக்கத்துக்கும் நிலமானிய உறவுகளுக்குமிடையேயுள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. இறைவன்பால் அடியவன் கொள்ளும் நிபந்தனையற்ற பற்று, தலைவன்பால் குடியானவன் கொள்ளவேண்டிய விசுவாசத்தின் சாயலைப் பெற்றிருந்தமையைக் கோசாம்பி எடுத்துக்காட்டினார். கைலாசபதியின் 'நாடும் நாயன்மாரும்' என்ற கட்டுரை, பல்லவர் காலச் சமூக மாற்றத்தின் பின்னணியில் நாயன்மாரின் பக்தியை ஆராய்ந்தது. கோயிலும் அரண்மனையும் ஒரே சொற்றொகுதியால் வழங்கப்பட்டன. ஆண்டான், அடியான், ஏவல், தொண்டு, திருவடி ஆகிய சொற்கள் இரு களங்களுக்கும் பொதுவானவை.

ஆயினும் இது உண்மையின் ஒரு பாதியே. ஸ்ரீவைஷ்ணவ மரபில் வேதாந்த தேசிகருக்கும் பிள்ளை லோகாசாரியருக்கும் பின்னர் வலுப்பெற்ற வடகலை, தென்கலைப் பிரிவினையை மறுபாதிக்குச் சான்றாகக் கொள்ளலாம். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வது போல மனிதனுக்கும் சிறிது முயற்சி வேண்டும் என்றனர் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல இறைவனே அனைத்தையும் செய்வான் என்றனர் தென்கலையார். நுண்ணிய இறையியல் வாதமாகத் தோன்றும் இதனுள் ஒரு சமூக வினா உறைகின்றது. ஞானத்துக்கும் கருமத்துக்கும் உரிய தகுதி, பிறப்பாலும் கல்வியாலும் சிலருக்கே வரையறுக்கப்பட்டிருந்த சமுதாயத்தில் தகுதியற்றவனின் கதி யாது? இயலாமையே தகுதியாகும் என்பது சரணாகதி தந்த விடை. வாயிலில் நிறுத்தப்பட்டவன் தன் வெறுங்கையைக் காட்டியே உள்ளே நுழையலாயிற்று.

எனவே அருட்கோட்பாட்டுக்குத் தோற்றத்திலேயே இரு முகங்கள் இருந்தன. அது வீடுபேற்றைப் பொதுமையாக்கிற்று. ஆனால் வயலை இருந்தபடியே விட்டுவைத்தது.

2

இவ்விரு முகங்களையும் ஒருங்கே காட்டும் கதை நந்தனுடையது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில், நந்தனுக்கு அந்தண ஆண்டை எவருமிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்திலேயே வேதியர் ஒருவர் நிலவுடைமையாளராகத் தோன்றுகிறார். சிதம்பரஞ் செல்ல விடைகேட்ட பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை ஓர் இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். மனித ஆற்றலால் ஆகாத அவ்வேலையை இறையருள் இரவோடிரவாக முடித்து வைக்கின்றது.

இவ்விடத்தை வியப்புடன் கடந்து செல்வதே வழமை. நாம் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நந்தனது இயலாமை அவனது இயல்பிலிருந்து பிறந்ததன்று. எவராலும் முடிக்கமுடியாத அளவு ஒன்றை ஆண்டை விதித்தமையால் உண்டானதே அது. இறைவன் நந்தனுக்காக உழைத்தான். விளைச்சலோ ஆண்டைக்கே சேர்ந்தது. நந்தன் பெற்றது விடுதலையன்று, விடுப்பு மட்டுமே. விடுப்பின் முடிவிலும் அவன் தீப்புகுந்தே தன்னை நிறுவ வேண்டியிருந்தது. திவுரும்பொல ஐதிகத்துச் சீதைக்கும் தில்லை வாயிலில் நின்ற நந்தனுக்கும் இவ்வகையில் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரிடமும் சான்று கேட்டவர்கள் தாம் எச்சான்றும் தரவில்லை.

நந்தனார் சரித்திரம் தமிழகத்தில் அரங்கேறிப் புகழ்பெற்ற காலத்திலேதான் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளர் கங்காணிமாரின் முன்பணத்தைப் பெற்று மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர் என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும். ஆண்டையிடம் விடைபெற்ற நந்தர்கள் துரையின் பெரட்டுக்களத்திற்கு வந்து சேர்ந்தனர். 1869 இல் அச்சேறிய ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பெருந்தோட்டத்தைப் பாடிய முதல் தமிழ் நூல்களுள் ஒன்று. அந்நூல் தோட்டத்தை நிர்வாகத்தின் பக்கத்தில் நின்று பார்க்கிறது. உழைப்பாளியிடம் அது வேண்டுவது கீழ்ப்படிவையே. இறைவனுக்கு உரியதாகச் சொல்லப்பட்டு வந்த தாழ்மை இங்கு முதலாளித்துவ உற்பத்தியின் ஒழுங்குவிதியாக மாறுவதைக் காண்கிறோம்.

3

பெருந்தோட்டத்தில் இயலாமை என்பது தராசினால் நிறுக்கப்பட்ட ஒன்று. ஒரு நாளைக்கு இத்தனை நிறை கொழுந்து எடுக்க வேண்டும் என நிர்வாகம் விதிக்கும். அந்நிறையை எட்டியவருக்கு முழுப்பெயர், எட்டாதவருக்கு அரைப்பெயர். பெயர் என்பது செக்ரோலில் பதியப்படும் ஒருநாள் வேலையைக் குறிப்பது. மனிதரின் பெயரே பாதியாக வெட்டப்படுவதாக ஒலிக்கும் இச்சொல்லாட்சி தற்செயலாக அமைந்திருக்கலாம். அதன் பொருள் தற்செயலானதன்று. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் நிறுத்த கொழுந்தில் ஒரு பகுதி கழிக்கப்படும் வழக்கமும் இதனோடு சேர்ந்தது. காலையில் மலையேறிய பெண் மாலையில் தராசின் முன் நிற்கும்பொழுது, அவள் உழைத்தாளா என்பது கேள்வியன்று. போதுமான அளவு இயன்றவளா என்பதே கேள்வி.

ஊவாவின் இயற்கை இக்கேள்வியை மேலும் கூர்மைப்படுத்துகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை மலைத்தொடரைக் கடந்து வீசும் வறண்ட கச்சான் காற்றில் கொழுந்தின் வளர்ச்சி தடைப்படும். அவ்வறட்சியினாலேயே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பேர்போன தனி மணம் உண்டாகிறது. ஏலத்தில் விலையும் ஏறுகிறது. ஆனால் தேயிலைத் தூரில் கொழுந்து குறைவதால் கொழுந்தெடுப்பவளின் கூடை நிறைவதில்லை. ஆகவே ஒரே காற்று சந்தைக்கு மணமாகவும் உழைப்பாளிக்கு அரைப்பெயராகவும் வந்து சேர்கின்றது. தோட்டத்து மக்கள் வணங்குவது மாரியை. மாரி என்ற சொல்லுக்கு மழை என்பதும் பொருள். சந்தை வறட்சியை விரும்பும் மாதங்களிலும் இலயத்து மக்கள் மழையை வேண்டிக் கைகூப்பினர். ஒரே மலையில் இரு வேறு வேண்டுதல்கள் எழுந்தன என்பதும், அவ்விரண்டும் ஒன்றையொன்று மறுத்தன என்பதும் ஊவாவின் சமய வரலாற்றை எழுதுவோர் கருத்திற் கொள்ளவேண்டியவை.

தோட்டப்புறத் தெய்வங்களின் பெயர்களே இவ்வாய்விற்கு வளமான சான்றுகளாகும். கிராமத்திலிருந்து பிடிமண்ணுடன் கொண்டுவரப்பட்டதாக வாய்மொழி மரபு கூறும் மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி ஆகியோருடன், தமிழகக் கிராமம் அறியாத சில தெய்வங்களும் இங்கு தோன்றின. தேயிலைச் செடியை வெட்டும் பருவம் தொடங்குகையில் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை நடைபெறும். கொழுந்து பெருக வேண்டிக் கொழுந்துச் சாமி வணங்கப்படும். தொழிற்சாலை இயந்திரத்தின் சக்கரத்தருகே ரோதை முனி வீற்றிருப்பார். கவ்வாத்துக் கத்தி காலை வெட்டும். செங்குத்தான மலைச்சரிவில் கால் வழுக்கும். ரோதை கையை இழுக்கும். விபத்துக்கு ஈடும் மருத்துவமும் உறுதியற்றிருந்த இடத்தில், ஆபத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு தெய்வம் காவலுக்கு அமர்த்தப்பட்டது. உற்பத்திமுறை எங்கெங்கு மனிதரைக் கைவிட்டதோ அங்கங்கு ஒரு சாமி எழுந்தது எனலாம். இத்தெய்வங்களின் பட்டியலைத் தொழிற் பாதுகாப்பின்மையின் பட்டியலாகவும் வாசித்தல் இயலும்.

இத்தெய்வங்களுடன் மக்கள் பேசிய முறையும் நோக்கற்பாலது. துரையின் முன் தலைத்துணி அவிழ்ந்தது. பார்வை நிலத்தில் பதிந்தது. கேட்டதற்கு மட்டுமே விடை வந்தது. மாரியின் முன் அதே மனிதர் 'ஆத்தா' என்று உரிமையோடு விளித்தனர். பிள்ளைக்குக் காய்ச்சல் நீங்காவிடில் உனக்குக் கண்ணில்லையா என்று ஏசினர். நேர்த்திக்கடன் வைத்தனர், காரியம் நிறைவேறின் தீ மிதித்தும் காவடி எடுத்தும் கடன் தீர்த்தனர். கடன் என்ற சொல் இங்கு முக்கியமானது. கங்காணியிடம் பட்ட கடன் தலைமுறை கடந்தும் தீராதது. வேலை மாறுவதற்கான துண்டுச் சீட்டும் அக்கடனோடு பிணைந்திருந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழிக்கும்வரை தொழிலாளி தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கடனோடு கைமாறும் பொருளாகவே இருந்தான். அம்மனிடம் பட்ட கடனோ திருவிழா முடிவில் தீர்ந்துவிடும். தீர்க்கக்கூடிய கடன் ஒன்றையேனும் உடையவராக இருக்கும் மதிப்பை அவர்களுக்கு இவ்வழிபாடு அளித்தது.

ஆகவே இருவகைத் தாழ்மைகளை நாம் வேறுபடுத்த வேண்டும். ஒன்று அச்சத்திற் பிறந்தது. மற்றது உறவிற் பிறந்தது. முன்னையதில் மனிதன் பேச்சை இழக்கிறான். பின்னையதில் பேச்சைப் பெறுகிறான். மதத்தைப் பற்றிய மார்க்சின் புகழ்பெற்ற கணிப்பில் அபின் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோர், அதே இடத்தில் அவர் மதத்தைத் துயரின் வெளிப்பாடாகவும் துயருக்கெதிரான முறைப்பாடாகவும் கண்டதை மறந்தனர். தோட்டத்து அம்மன் சந்நிதி முறைப்பாட்டு மன்றமாகவும் விளங்கிற்று.

இதனால் தோட்டக் கோயிலை இலட்சியப்படுத்துதல் தவறு. திருவிழாவின் முதல் மரியாதை துரைக்கும் பெரிய கங்காணிக்குமே உரியதாயிருந்தது. கோயில் வரி சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. இலயத்திலிருந்த சாதி வரிசை கோயிலிலும் தொடர்ந்தது. அருள் எல்லோருக்கும் பொதுவெனினும் மாலை பொதுவாயிருக்கவில்லை. துரை தேர்வடம் தொட்டு நின்ற காட்சி, ஆளும் வர்க்கம் மக்களின் தாழ்மையைத் தெய்வத்திடமிருந்து தன்பால் திருப்பிக்கொண்டமைக்கு எடுத்துக்காட்டாகும்.

4

தோட்டப்புறக் கூத்துகள் இம்முரண்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. அருச்சுனன் தபசு மலையகத்தில் விரும்பி ஆடப்பட்ட கூத்து. அரசிழந்து வனம் புகுந்த பாண்டவர், தம் ஆற்றலால் மட்டும் கௌரவரை வெல்லவியலாது எனக் கண்டனர். பாசுபதம் வேண்டி அருச்சுனன் தவமிருக்கிறான். கூத்தாடுபவர் உயர்ந்த கம்பத்தில் ஏறித் தவநிலையை நடித்துக் காட்டுவார். வேடனாக வந்த சிவனிடம் அருச்சுனன் தோற்ற பின்னரே பாசுபதம் அவனுக்குக் கிட்டுகிறது.

இக்கதையில் தாழ்மை முடிவன்று, தொடக்கம். தன் வில்லின் போதாமையை உணர்ந்தவனே வேறு படைக்கலம் தேடுகிறான். அருளைப் பெற்றவன் மீள்வது போர்க்களத்துக்கே. இழந்த நிலத்தை மீட்கும் கதையை, நிலமே இல்லாத மக்கள் விடியவிடியக் கண்விழித்துப் பார்த்தனர் என்பதைச் சாதாரண பொழுதுபோக்காகக் கொள்ள முடியாது. மாசி மாதத்துக் காமன் கூத்திலும் இரதியின் புலம்பல் வலிமையுடையது. எரிக்கப்பட்ட கணவனுக்காக அவள் எரித்தவனிடமே நியாயம் கேட்கிறாள். இரந்து நிற்பவளின் குரலில் குற்றச்சாட்டும் கலந்திருக்கிறது.

தன் தனிப்பட்ட ஆற்றல் போதாது என்ற உணர்வு வரலாற்றில் எப்பொழுதும் பணிவிலே முடிவதில்லை என்பதற்கு 1940 ஆம் ஆண்டு ஊவாவில் நிகழ்ந்தவை சான்றாகும். அவ்வாண்டு தை மாதத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதன்பின் வேலைநிறுத்த அலை தெற்கே ஊவாவுக்குப் பரவிற்று. பதுளையை அடுத்த வேவெசைத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிவுசெய்த மன்றம் ஒன்றை அமைத்தனர். அதனுடன் கலந்தே நிர்வாகத்தை நடத்தத் தோட்டத்துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் எனச் சமசமாஜக் கட்சியின் வரலாறு கூறுகின்றது. பின்னர் கடும் அடக்குமுறையாலும், ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளத்தாலும் அவ்வலை அடங்கியது. ஒருவரால் இயலாதது பலரால் இயலும் என்ற அறிவே சங்கம். தனியாளின் போதாமையை ஏற்றுக்கொள்ளும் வகையில், சரணாகதியும் சங்கமும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று மேல் நோக்கியும் மற்றது பக்கத்தில் நிற்பவரை நோக்கியும் கைநீட்டுகின்றது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் மாரியம்மனைத் துறந்துவிட்டு வந்தவர்கள் அல்லர். அவர்களது வாழ்வில் இரு கைகளும் ஒருங்கே நீண்டன.

5

சுதந்திரத்தின் பின் இம்மக்கள் எதிர்கொண்டது வேறொரு சந்நிதி. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். வதிவுக்கும் வருமானத்துக்கும் ஆவணம் கேட்கப்பட்டது. ஆவணங்களைத் தோட்டக் காரியாலயம் வைத்திருந்தது. ஆவணமின்மைக்கான தண்டனையைத் தொழிலாளி பெற்றான். நாற்பது வேலியை ஓர் இரவில் உழச்சொன்ன ஆண்டையின் தருக்கமே சட்டத்தின் மொழியில் மீண்டும் ஒலித்தது.

'தாழ்மையான விண்ணப்பம்' என்ற தொடரை அக்கால மனுக்கள் பழக்கத்தினால் கையாண்டன. உரிமையாக இருக்கவேண்டியது அருளாக மாற்றப்பட்டதன் சின்னமாகவே அதனை நாம் காண்கிறோம். 1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகம், பணிவின் வடிவத்தைக் கொண்டே உரிமையைக் கேட்டது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தம் விருப்பம் கேட்கப்படாது பங்கிடப்பட்ட இம்மக்களின் நாடற்ற நிலை, 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அரசு தெய்வத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு, வழங்குவதும் மறுப்பதும் தன் திருவுளம் என நடந்தகொண்ட காலம் அது.

இவ்வாய்வு பழைய வரலாற்றோடு முடிந்துவிடக்கூடியதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்து இலயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. வெளியேறுமாறு சொல்லப்பட்டோருக்குப் போய்க் குடியிருக்க நிலம் இருக்கவில்லை. அனர்த்தத்தின் பின் கடவுளின் சித்தம் என்ற சொற்கள் கேட்டன. அச்சொற்களைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொல்லும்பொழுது நாம் தலைகுனிந்து கேட்கக் கடமைப்பட்டவர்கள். தாங்கவியலாததைத் தாங்குவதற்கு அவளிடமிருந்த ஒரே மொழி அது. அதே சொற்களைப் பொறுப்புடையோர் சொல்வாராயின் அவை பொறுப்பின் மறைப்பாகிவிடுகின்றன. ஒரே வாக்கியம் சொல்பவரின் வர்க்க நிலைக்கேற்ப ஆறுதலாகவும் அநீதியாகவும் மாறுகிறது.

2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபொழுது, பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறையும் உயர்த்தப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. சம்பளத்தைச் சட்டம் உயர்த்தியது. இயலாமையைத் தராசு உயர்த்தியது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின், அருளில் நம்பிக்கை வைத்தலைப் பணிவின் கருத்துநிலை என்றோ எதிர்ப்பின் கருத்துநிலை என்றோ பொதுப்படக் கூறவியலாது என்பது புலனாகும். மனித ஆற்றலுக்கு உண்மையிலேயே எல்லை உண்டு. மரணமும் நோயும் மழை பொய்த்தலும் எச்சமுதாயத்திலும் மனிதரைத் தாழ்மை கொள்ளச் செய்யும்; அத்தாழ்மையை எள்ளுதல் அறிவியல் நோக்காகாது. ஆயின் விதிக்கப்பட்ட நிறையாலும் மறுக்கப்பட்ட ஆவணத்தாலும் ஒதுக்கப்படாத நிலத்தாலும் உண்டாக்கப்பட்ட இயலாமையை முன்னையதோடு சேர்த்து ஒன்றாக்குவது, மனிதர் செய்ததைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவதாகும். எது தெய்வத்திடம் சொல்லவேண்டியது, எது துரையிடமும் அரசிடமும் கேட்கவேண்டியது என்ற வேறுபாட்டை, நூல் கற்காத தோட்டத்து மக்கள் பலகாலும் தெளிவாக அறிந்திருந்தனர். அவர்களைப் பற்றி எழுதிய நம்மனோரே அதனைக் காணத் தவறினோம். தாழ்மை என்ற பண்பை ஆய்வாளன் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இதுவேயாம்.